சைக்கிள் டிஸ்க் பிரேக்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்பாசமுத்திரம் வாசகர்: லிவர் கைப்பிடி வரைக்கும் அமுங்குகிறது. இரண்டு மூன்று முறை அமுக்கினால் கெட்டிப்படுகிறது.

ஆயில் ஓடும் ஹோஸுக்குள் காற்று இருக்கிறது. சக்கரத்தையும் பேடையும் கழற்றி, பிஸ்டன்களை உள்ளே தள்ளி, அவை வெளியே வராதபடி நடுவில் பிளீடிங் கட்டையைச் செருகிய பிறகு, லிவரின் மேல் திருகைக் கழற்றி அந்தத் துளையில் புனல் வைத்து, கீழே டிஸ்க்கைக் கவ்வும் காலிபரிலிருந்து சிரிஞ்சால் ஆயிலை மெதுவாக மேலேற்றுங்கள். காற்று இயல்பாகவே மேலே போகும் என்பதால், ஹோஸை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டிக்கொண்ட குமிழ்களும் கிளம்பிவிடும். பேடைக் கழற்றாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, ஒரு பக்கம் பேட் உரசுகிறது.

காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்குங்கள். அப்படியும் சுற்றுக்கு ஒருமுறை உரசினால், டிஸ்க் வளைந்திருக்கிறது.

திருநெல்வேலி வாசகர்: மினரல் ஆயில் கிடைக்கவில்லை. பைக் பிரேக் ஆயிலை ஊற்றினேன். ஒரு மாதத்தில் லிவர் திரும்பாமல் நிற்கிறது.

ஊற்றிய பிறகு கேட்கிறீர்கள். ‘பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றுதான்’ என்று ஜங்ஷன் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான், ஆனால் உங்கள் லிவரின் மூடியிலேயே எந்த ஆயில் என்று பொறித்திருப்பதை நீங்கள் படித்திருக்க வேண்டும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் 5.1 (பைக் பிரேக் ஆயிலும் இந்த டாட் வகைதான்). இரண்டுக்கும் சீல் ரப்பரே வேறு. மாற்றி ஊற்றினால் சீல் உப்பி, பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். கழுவிவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றினாலும் உப்பிய ரப்பர் பழையபடி ஆகாது. பெரும்பாலும் லிவர், காலிபர் இரண்டையும் மாற்றுவதுதான் வழி. நூறு மில்லி ஆயிலுக்காக நான்கு நாள் காத்திருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் இது. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் ஆயிலும் ஊற்றலாமா என்று கேட்டுள்ள மற்ற இருவருக்கும் இதுவே பதில்: மூடியைப் படியுங்கள்.

தென்காசி வாசகர்: குற்றாலச் சாரலில் ஓட்டினால் பிரேக் அலறுகிறது. செயின் ஸ்பிரே அடிக்கலாமா?

கூடவே கூடாது. ஈரத்தில் வரும் சத்தம் காய்ந்ததும் அடங்கும். அடங்காவிட்டால் டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கி எறியுங்கள். புதுப் பேட் மாட்டினால், வேகமெடுத்து நடைவேகத்துக்குக் குறைப்பதை இருபது முறை செய்து பதப்படுத்துங்கள்.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: பிரேக் சரியில்லை. என்ன செய்ய?

எந்தப் பிரேக், என்ன கோளாறு என்று எழுதுங்கள்.

செங்கோட்டை வாசகர்: கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு அடிக்கடி இறங்குகிறேன். டாட் ஆயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

ஆண்டுக்கு ஒருமுறை. டாட் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குவது, ஈரமேறினால் 180 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கம் முழுவதும் லிவரைப் பிடித்தே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு லிவரை விட்டுவிடுங்கள். மாற்றும்போது பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மூடியைப் படித்த பிறகே புட்டியைத் திறங்கள்.