வெங்காயத்துக்கு ஓடிவந்த அரசு, பூண்டுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: அப்பா பூம்பாறையில் பூண்டு போடுகிறார். நான் கொடைக்கானல் டவுனில் குடித்தனம். 2023 கடைசியில் வெங்காய விலை ஏறியதும் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். அடுத்த பிப்ரவரியில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது ஒருவரும் அசையவில்லை. இரண்டும் ஒரே குழம்பில்தானே போகின்றன? கொள்ளை விலை சொல்கிற கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: இதை அப்பாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா அம்மா? அந்தப் பிப்ரவரியில் வடுகபட்டி சந்தையில் மூட்டை இறக்கியவர்களுக்கு, அரசு எட்டிப் பார்க்காததே பெரிய உபகாரம்.

வெங்காயத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள். அது போதாமல் டிசம்பர் 8 முதல் தடை. 2024 மே மாதம் தடையை எடுத்தபோதும், டன் 550 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்றார்கள். வரி முழுவதும் நீங்க 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. நமக்கு விலை இறங்கியது. நாசிக் பக்கத்து விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள்.

வெங்காயம் அன்றாடம் கிலோ கணக்கில் செலவாகிறது, ஏறினால் ஓட்டு ஆட்டம் காணும். அதனால் விலை நிலைப்படுத்தும் நிதியில் ஆண்டுதோறும் வாங்கிக் கிடங்கில் வைக்கிறார்கள். தக்காளி கிடங்கில் தாங்காது. அதனால்தான் 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு நேரடியாக விற்றார்கள். பூண்டுக்கு இப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது.

ஆனால் பூண்டு ஏன் ஏறியது? 2022-ல் மத்தியப் பிரதேசத்தில் கட்டுப்படியாகாமல் பூண்டை ஆற்றில் கொட்டினார்கள். நாட்டிலேயே அதிகம் பூண்டு விளையும் மாநிலம் அது. சூடு கண்டவர்கள் அடுத்த போகத்தில் குறைத்துப் போட்டார்கள். வரத்து குறைந்தது, நீங்கள் 400 கொடுத்தீர்கள். அன்று ஆற்றில் போனதற்கு ஒரு நியாய விலை கொடுத்து வாங்கியிருந்தால், இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது என் எண்ணம். விலை ஏறினால் பதறுகிறவர்கள் விழும்போது பதறுவதில்லை. பதறினாலும், அதற்குள் சரக்கு ஆற்றோடு போயிருக்கும்.

இனி புகார். உதிரியாக விற்கும் பூண்டுக்கு அதிகபட்ச சில்லறை விலை என்று ஒன்று அச்சிடப்படுவதில்லை. ஆகவே 400 என்றார், 500 என்றார் என்பதற்காக மட்டும் புகார் நிற்காது. எடை குறைந்தால் நிற்கும். அதைவிட முக்கியமானது, வெளியூர்ப் பூண்டை ‘மலைப்பூண்டு’ என்று தலையில் கட்டுவது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் கேளுங்கள், அதில் ‘மலைப்பூண்டு’ என்றே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள். எழுதிக் கொடுத்து ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம்.

உங்களுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு கட்டு தூக்கி வந்துவிடுங்கள்.