தம்பி, ஆறு நாளில் சிசிலி முழுவதையும் சுற்ற வேண்டாம். மேற்குக் கரையோடு போங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து ஐந்து மாதம். இலங்கையில், ஊரில் எட்டு வருடம் வான் ஓடியிருக்கிறீர்கள். மனைவிக்கு ஓகஸ்டில் ஆறு நாள் லீவு. ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தீவைச் சுற்றி வரலாமா, காசு எங்கே வீணாகும், இங்கத்தைய ரோட்டுக்குப் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நான் வந்து முதல் ஒன்பது வருடம் வேலை செய்த வீடு, பல்லாரோ சந்தை, ஞாயிற்றுக்கிழமை பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரினோ மலை, இவற்றுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை. சைவமோ கிறிஸ்தவமோ, நம் சனம் எல்லாம் அந்த மலைக்கு நடந்து ஏறுகிறது. இறங்கி வந்து மறுநாள் வேலைக்குப் போகிறது. இருபது வருடம் இருந்தும் மேற்கே திராப்பனிப் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்களை எனக்குத் தெரியும். ஐந்தாம் மாதத்திலேயே நீங்கள் இதைக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம்.

ஆனால் முழுத் தீவும் வேண்டாம். சிசிலி 25,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். நம் வடமாகாணத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கரையோரம் மட்டும் ஆயிரம் கிலோமீற்றரைத் தாண்டும். ஆறு நாளில் சுற்றினால் நீங்கள் பார்ப்பது நெடுஞ்சாலையும் பெற்றோல் நிலையமும்தான். பலெர்மோவிலிருந்து மேற்கே காஸ்தெல்லாமாரே, ஸ்கொப்பெல்லோ, சான் வீத்தோ, எரிச்சே, திராப்பனி, மர்சாலா என்று போய்த் திரும்புங்கள். எடுக்கப்போகும் ஏ29 நெடுஞ்சாலைக்குச் சுங்கக் காசும் இல்லை.

முதலில் கடதாசி வேலை. ரெசிதென்சா என்ற வதிவிடப் பதிவு செய்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை இலங்கை லைசென்ஸோடு இங்கே ஓடலாம், கூடவே சர்வதேச அனுமதிப் பத்திரம் அல்லது உறுதிப்படுத்திய இத்தாலிய மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். ஒரு வருடம் கடந்தால் அந்த லைசென்ஸ் செல்லாது. பிறகும் ஓடிப் பிடிபட்டால் அது சின்னச் சோலி இல்லை. இத்தாலிய லைசென்ஸுக்கான எழுத்துப் பரீட்சையை இத்தாலிய மொழியில்தான் செய்ய வேண்டும்: 30 வசனங்கள், ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று குறிக்க வேண்டும், மூன்று பிழைக்கு மேல் விட்டால் இல்லை. மொழி கொஞ்சம் பிடிபட்டவுடனே அதற்குப் படிக்கத் தொடங்குங்கள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியையும் பாஸ்போட்டையும் எப்போதும் கையில் வைத்திருங்கள்.

கார் எடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓடுபவரின் பெயரில் உள்ள கிரெடிட் அட்டையைத்தான் கேட்பார்கள். முன்கூட்டிக் காசு போட்டு வைக்கும் அட்டையைப் பல இடங்களில் எடுக்க மாட்டார்கள். இதை முதலே கேட்டுவிட்டுப் பதியுங்கள், மேசையில் போய் நின்று திரும்பி வர வேண்டாம். இன்சூரன்சில் 'பிரான்கீஜியா' என்று ஒரு தொகை போட்டிருக்கும். வண்டி அடிபட்டால் அந்தத் தொகை வரைக்கும் உங்கள் காசு. கொஞ்சம் கூடக் கொடுத்து அதை இல்லாமல் செய்யலாம். முதல் தரம் என்றபடியால் செய்யச் சொல்வேன். வண்டியை வாங்கியவுடன் நாலு பக்கமும், ரயர் விளிம்பும், உள்ளே பெற்றோல் முள்ளும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டியாக எடுங்கள். ஏன் என்பது முதல் ஒழுங்கைக்குள் திரும்பும்போது தெரியும். பெற்றோலுக்கு இங்கே 'பென்சீனா', டீசலுக்கு 'கசோலியோ'. எடுக்கும்போதே எது என்று கேளுங்கள். நாமே அடித்தால் விலை குறைவு, ஆள் வந்து அடித்தால் கூடுதல்.

ரோட்டுப் பயம் பற்றிக் கேட்டீர்கள். பலெர்மோவுக்குள் ஓடுவது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஊருக்கு வெளியே வந்துவிட்டால் நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கம் ஓடியவருக்கு ஒன்றும் புதிதில்லை. பழக வேண்டியது வலப் பக்கம். நேர் ரோட்டில் பிழை வராது, வெறும் ரோட்டில் இடப் பக்கம் திரும்பும்போதும் பெற்றோல் நிலையத்திலிருந்து வெளிக்கிடும்போதும்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகும். அந்த இரண்டு இடத்திலும் மனைவியை வாய்விட்டு 'வலம்' என்று சொல்லச் சொல்லுங்கள். நானும் என் மனைவியும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் ஓடினோம். ஊருக்கு வெளியே பகலிலும் லைற் போட்டிருக்க வேண்டும். ஊருக்குள் 50, சாதாரண வெளிரோட்டில் 90, நெடுஞ்சாலையில் 130, அதற்கு மேல் வேண்டாம்.

காசு வீணாகும் இடம் ஒன்றை நான் அனுபவித்தே சொல்கிறேன். பழைய நகரப் பகுதிகளுக்கு 'செத்தா-தீ-எல்லே' (ZTL) என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாத வண்டி உள்ளே போனால் கமெரா இலக்கத்தகட்டைப் படம் எடுத்துவிடும். நான் போன ஊரில் நுழைவாயில் பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்தது. அத்தீவோ என்றால் இயங்குகிறது என்பதால் வாசல் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இயங்கியது கமெரா. இரண்டரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. என் விலாசத்தைக் கொடுத்ததற்கென்று வாடகைக் கம்பெனியும் அட்டையிலிருந்து தனியாகக் காசு எடுத்திருந்தது. ஆகவே 'நோன் அத்தீவோ' என்று இருந்தால் மட்டும் போகலாம். சந்தேகம் என்றால் வெளியே விட்டுவிட்டு நடங்கள். தண்டம் வந்துவிட்டால் கடிதம் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் நமக்கில்லை.

சரி, இனிப் பயணம். விடிய வெளிக்கிடுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில், கபாச்சி என்ற இடத்தில், நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்புத் தூண் நிற்கும். 1992 மே 23 அன்று மாபியாக்காரர் ரோட்டுக்கு அடியில் குண்டு வைத்து நீதவான் ஜொவானி பல்கோனேயையும் மனைவி பிரான்செஸ்கா மொர்வில்லோவையும் மூன்று காவலர்களையும் கொன்றது அங்கேதான். விமான நிலையத்துக்கு பல்கோனே, பொர்செல்லீனோ என்று பெயர் வைத்ததன் காரணமும் அதுதான். இன்னொரு நீதவானான பொர்செல்லீனோவை அதே வருடம் யூலையில் கொன்றார்கள். குண்டு வெடித்த ரோட்டின் துக்கம் நமக்கும் தெரிந்தது. அந்தத் தூண்களைக் கடக்கும்போது வண்டிக்குள் நாங்கள் கதைப்பதில்லை.

காஸ்தெல்லாமாரேயின் வளைகுடா மேலே ரோட்டிலிருந்து பார்க்கவே போதும். ஒரு தேத்தண்ணி நேரம் நின்றுவிட்டு ஸ்கொப்பெல்லோவுக்குப் போங்கள். சின்னஞ்சிறு ஊர், கீழே பழைய சூரைமீன் பிடிசாலை, கடலுக்குள் எழும்பி நிற்கும் பாறைகள். அங்கே சூடான பாணைப் பிளந்து தக்காளி, நெத்தலி, சீஸ், ஒலிவ் எண்ணெய் எல்லாம் போட்டு 'பானே குன்சாத்தோ' என்று தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு சிங்காரோ இயற்கைக் காப்பிடத்துக்கு வெளிக்கிடுங்கள்.

இந்த சிங்காரோவைத்தான் நீங்கள் தவறவிடக்கூடாது. ஸ்கொப்பெல்லோவிலிருந்து சான் வீத்தோ வரை கரையோடு ஒரு ரோட்டுப் போட வேலை தொடங்கியிருந்தார்கள். 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கான சனம் அந்தக் கரையில் நடந்து போய் ரோட்டு வேண்டாம் என்றது. மறு வருடம் அது சிசிலியின் முதலாவது இயற்கைக் காப்பிடமானது. ரோட்டுக்காகக் குடைந்த சுரங்கம் அப்படியே இருக்கிறது, அதற்குள்ளால் நடந்துதான் உள்ளே போவீர்கள். வண்டி வெளியே நிற்கும். கடலுக்கு மேலே ஏழு கிலோமீற்றர் ஒற்றையடிப் பாதை, இடையிடையே குளிக்க இறங்கும் சின்னக் குடாக்கள். கடை கண்ணி இல்லை, நிழலும் குறைவு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கட்டாயம். காட்டுத்தீ அபாயம் கூடின நாளில் மூடிவிடுவார்கள், காலையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பாதையின் இரு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் விசிறி போல் ஓலை விரித்த ஒரு செடியைப் பார்ப்பீர்கள். குட்டிப் பனை. வடலி என்றே நான் நினைத்தேன். இங்கத்தைய ஆட்கள் 'ஜும்மாரா' என்பார்கள். முன்பு அந்த ஓலையை வார்ந்து பெட்டி, துடைப்பம், கயிறு எல்லாம் செய்தார்களாம். காப்பிடத்துக்குள்ளேயே அந்தப் பின்னல் வேலையைக் காட்ட ஒரு சின்ன அரும்பொருள் வீடு வைத்திருக்கிறார்கள். உள்ளே போன என் மனைவி ஒரு பெட்டியின் விளிம்பு மடிப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றா. அவவின் அம்மா பனையோலையில் கடகம் இழைப்பவ.

ஸ்கொப்பெல்லோவிலிருந்து சான் வீத்தோவுக்குக் கரையோடு வழி இல்லாததால் வண்டியை உள்நாட்டால் கொண்டுபோக வேண்டும், முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அது வீண் நேரம் இல்லை. நான் பலெர்மோவில் பராமரித்த வயது போன அம்மா ஒருவரின் ஊர் அந்த வழியில்தான். ஒரு கோடையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனா. ஞாயிற்றுக்கிழமை அகலமான மண் சட்டி ஒன்றை மடியில் வைத்து, ரவையைத் தூவி, தண்ணீர் தெளித்து, விரல் நுனியால் வட்டமாக உருட்டத் தொடங்கினா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானும் பக்கத்தில் இருந்து உருட்டினேன். 'உனக்கு ஆர் பழக்கியது?' என்று கேட்டா. பிட்டுக்குக் குழைத்த கைக்கு வேறு பழக்கம் என்னத்துக்கு? அந்த மணிகளை ஓட்டைச் சட்டியில் இட்டு, இரண்டு சட்டியும் பொருந்தும் இடத்தை மாவால் அடைத்து ஆவியில் வேக வைத்தா. பிட்டு அவிக்கும் நம் நீத்துப்பெட்டி செய்யும் வேலையை அங்கே மண் சட்டி செய்தது. வெந்ததும் மீன் சாறை ஊற்றி, கம்பளிப் போர்வையால் சட்டியைச் சுற்றி ஒரு மணித்தியாலம் வைத்தா. இதுதான் திராப்பனிப் பக்கத்துக் குஸ்குசு. எதிர்க்கரைத் துனீசியாவோடு உள்ள பழைய உறவில் வந்த சாப்பாடு. சான் வீத்தோவில் கடைகளில் கிடைக்கும், மீன் குஸ்குசு என்றே கேட்டுச் சாப்பிடுங்கள். செப்டெம்பரில் அங்கே இதற்கென்றே விழா நடக்கும்.

எரிச்சே மலை 750 மீற்றர், வளைவுகள் அதிகம். திராப்பனியில் வண்டியை விட்டுவிட்டுக் கேபிள் காரில் ஏறலாம், காற்று பலமானால் அது ஓடாது. மேலே திடீரென்று பனிப்புகார் மூடும், ஒரு சுவெற்றர் கொண்டுபோங்கள்.

அடுத்த நாள் பின்னேரத்தைத் திராப்பனிக்கும் மர்சாலாவுக்கும் இடையிலுள்ள உப்பளங்களுக்கு ஒதுக்குங்கள். நெடுஞ்சாலையால் போகாமல் கரையோர மாகாண ரோட்டால் மெதுவாகப் போங்கள், 30 கிலோமீற்றர்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பழைய காற்றாடி ஆலைகள், வரம்பில் நீளக் குவித்த உப்பு. மழைக்கு முன் அந்தக் குவியல்களை ஓட்டால் மூடுகிறார்கள், நம் வீட்டுக் கூரைக்கு வேய்வது போல் ஒன்றின் மேல் ஒன்றாக. பொழுது படும் நேரம் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஆனையிறவால் பஸ்ஸில் போகும்போது பார்த்த உப்பளம் எனக்கு நினைவுக்கு வந்தது, வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருட்டும்வரை நின்றேன். எதிரே தெரியும் சின்னத் தீவு மொசியா, பழங்காலக் கடல் வணிகரான பினீசியரின் ஊர். வள்ளத்தில் போய் வரலாம்.

திரும்பும் நாள் செஜெஸ்தாவில் நில்லுங்கள். கூரை போடாமலே விட்ட கிரேக்கப் பாணிக் கோயில், 36 தூண்கள், சுற்றிலும் வெறும் மலை. காலையில் திறந்தவுடன் போனால் வெயிலுக்குத் தப்பலாம்.

ஊர்களில் மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணி வரை கடையும் இல்லை, கோயிலும் இல்லை. பயணத்தை அதற்கேற்றபடி போடுங்கள். ரோட்டோரக் கள்ளிப்பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், மயிர் போன்ற முள் நாள் கணக்கில் வலிக்கும்.

திகதியையும் ஒருமுறை யோசியுங்கள். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் முழு இத்தாலியும் கடலுக்குத்தான் வரும். வாடகை இரட்டிக்கும், சான் வீத்தோவில் வண்டி விட இடம் கிடைக்காது. மனைவியின் முதலாளி விடுவாரென்றால் லீவைச் செப்டெம்பர் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள். கடல் அப்போதும் சூடாகத்தான் இருக்கும், உப்பு வாரும் வேலையும் முடிந்திருக்காது.

வண்டி எடுத்த அன்றே நெடுஞ்சாலைக்கு ஏறாதீர்கள். ஞாயிறு விடிய ஏழு மணிக்கு மொண்டெல்லோப் பக்க ரோட்டுகள் வெறிச்சென்று இருக்கும், வட்டச் சந்திகளும் அங்கே உண்டு. எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள், நான் வந்து பக்கத்து இருக்கையில் இருக்கிறேன்.