இ-பாஸ் பேச்சை எடுத்தாலே மாமாவோடு சண்டை

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் ஊட்டியில் நாலு அறை உள்ள காட்டேஜ் நடத்துகிறார். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ்; அது வேண்டும் என்பது என் கட்சி. அது பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கட்சி. போன பொங்கலன்று பேச்சு முற்றி, "மாசம் பொறந்தா உனக்குச் சம்பளம் வந்துடும், உனக்கென்ன" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அக்காதான் நடுவில் கிடந்து தவிக்கிறாள். இதைப் பேசாமல் விடவும் எனக்கு மனமில்லை. எப்படிப் பேசுவது?

பதில்: எழுந்து போகும்போது அவர் சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் இ-பாஸே இல்லை. அடுத்த மாதத்துக்கு என்ன வழி என்ற பயம்தான் இருக்கிறது. நீங்கள் தண்ணீர், குப்பை, நெரிசல் என்று அடுக்கியிருப்பீர்கள். எல்லாம் நியாயம்தான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2024இல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னபோது, சீசனில் நீலகிரிக்குள் தினமும் 20,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் வருவதாக அங்கே சொல்லப்பட்டது. 2025 சீசனுக்கு நீதிமன்றம் வைத்த வரம்பு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. உங்களுக்கு இது நிம்மதி. ஏப்ரல், மே வருமானத்தை வைத்து வருஷத்தை ஓட்டுகிறவருக்கு வயிறு கலங்காதா? அந்த ஏப்ரல் 2ஆம் தேதி இதை எதிர்த்து மாவட்டம் முழுக்கக் கடையடைத்தவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை.

ஆகவே உங்கள் வாதத்தை எடுக்கும் முன் அவருடையதைச் சொல்லுங்கள். "மாமா, நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. பார்க்கிங்கும் கூடுதல் பஸ்ஸும் வர்றதுக்கு முன்னாடியே வண்டியைக் குறைச்சுட்டாங்க, அடி விழுறது காட்டேஜ்காரருக்கும் டாக்ஸிக்காரருக்கும். இதுதானே?" என்று கேளுங்கள். "அதேதான்" என்பார். "அது இல்லம்மா" என்று திருத்தினால் இன்னும் நல்லது, இத்தனை நாள் நீங்கள் எதனோடு மல்லுக்கட்டினீர்கள் என்பது தெரிந்துவிடும். அவர் முடித்த கையோடு "ஆனா..." என்று தொடங்கிவிடாதீர்கள். சம்பளத்தைச் சொல்லிக் குத்தினால், "ஆமா மாமா, எனக்கு அந்தக் கவலை இல்லதான்" என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். உண்மைதானே.

அப்புறம், பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்துக்கு வாதாடவே வேண்டாம். அரசுப் பஸ், உள்ளூர் வண்டி, அத்தியாவசியப் பொருள் ஏற்றிவரும் வண்டி இவற்றுக்கு அந்த வரம்பு கிடையாது; உத்தரவை இருவரும் சேர்ந்தே படிக்கலாம். வியாபாரம் குறைந்ததா என்பதற்கு அவருடைய புக்கிங் நோட்டே சாட்சி. 2023 மே மாதத்தையும் 2025 மே மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். குறையாவிட்டால் "பார்த்தீங்களா" என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது.

மலை எத்தனை வண்டி தாங்கும் என்பது வேறு விஷயம். அதை ஆராயும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் கொடுக்கப்பட்டது. நீங்கள் இருவரும் பொங்கல் பந்தியில் அதை முடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

பந்தி இதற்கு இடமே இல்லை. நாலு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப் அதைவிட மோசம். ஜூலையில் மழை பிடித்து அறைகள் காலியாகக் கிடக்கும் ஒரு மத்தியானம் ஊட்டிக்குப் போய் அவரைப் பாருங்கள். "நீங்கல்லாம் காசுக்காக" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். அவர் குரல் உயர்ந்தால், "இன்னொரு நாள் பேசலாம் மாமா" என்று நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். அப்போதும் கருத்து ஒத்துப்போகாமல் இருக்கலாம், பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு "நீயே சொல்லு, யார் சொல்றது சரி" என்று மட்டும் கேட்காதீர்கள்.