நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் நீடிப்பதில்லை: மாத்திரை போடலாமா?

கேள்வி: என் கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. ஒரு வாரம் நைட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் காலை என்று ஷிப்ட் மாறும். நைட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பத்தரைக்கே முழித்துக்கொள்கிறார். அப்புறம் புரண்டு புரண்டு படுக்கிறாரே தவிர தூக்கம் இல்லை. சிடுசிடுப்பு, வயிற்று உப்புசம் வேறு. இப்போது மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறார். இது வியாதியா? பிளஸ் டூ முடித்த மகனும் ராத்திரி இரண்டு மணிவரை முழித்திருந்து, பத்து மணிக்கு எழுகிறான். இருவருக்கும் ஒரே கோளாறா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் மாத்திரையைப் பேசிவிடுவோம். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதை நிறுத்த வேண்டும். ஆனால் பல வாரமாகத் தினமும் போட்டு வருகிறார் என்றால் சட்டென்று விடக் கூடாது. தூக்கம் முன்னைவிட மோசமாகும், படபடப்பு வரும். டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த மாத்திரைகள் ஆளை அசத்துமே தவிர, கோளாறு இருக்கும் இடத்தைத் தொடுவதில்லை.

கோளாறு இருப்பது உடல் கடிகாரத்தில். மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது மெலடோனின் (இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன்) சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். கண்ணில் படும் வெளிச்சம்தான் அதைத் தினமும் சரிசெய்கிறது. உங்கள் கணவர் காலை ஏழு மணிக்குப் படுக்கும்போது உடல் சூடு ஏற ஆரம்பித்துவிடும், மெலடோனின் அடங்கிவிடும். ராத்திரி முழுக்க உழைத்த அலுப்பு முதல் மூன்று மணி நேரம் தூங்க வைக்கிறது. அலுப்புத் தீர்ந்ததும் கடிகாரம் எழுப்பிவிடுகிறது. பத்தரைக்கு முழிப்பு வருவது அவர் குற்றமில்லை.

அப்படியானால் கடிகாரத்தையே இரவு வேலைக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். வாரம் ஒரு ஷிப்ட் என்றால் அது வீண்முயற்சி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் அது நகரும். பாதி வழி போவதற்குள் ஷிப்டே மாறிவிடும். அதனால் தூக்கத்தை இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். காலை வந்ததும் முழிப்பு வரும்வரை ஒரு தூக்கம். பத்தரைக்கு எழுந்தால் எழட்டும், கட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேலைக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் இன்னொரு தூக்கம். எழுந்த பின் மந்தம் தெளிய அரை மணி நேரமாவது விட்டுக் கிளம்பட்டும். இந்த இரண்டாவது தூக்கத்தை வீட்டில் யாரும் தூக்கமாகவே மதிப்பதில்லை. அந்த நேரத்தில்தான் ரேஷன் கடைக்கும் கேஸ் புக்கிங்குக்கும் அவரை விரட்டுவார்கள். நைட் வாரத்தில் மட்டும் விட்டுவிடுங்கள்.

பகல் தூக்கத்துக்கு நம் ஊரில் பெரிய எதிரி சூடு. உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் ஆழமாகும். காங்கிரீட் மாடியின் அடியில் சித்திரை வெயிலில் அது எங்கே இறங்கும்? கீழ்த்தளத்தில் வெயில் படாத அறையை ஒதுக்குங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டலாம், மாடியில் தென்னை ஓலை பரப்பலாம். கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. காதில் அடைப்பான், பக்கத்தில் ஃபேன் இரைச்சல், அவ்வளவுதான்.

டீயை இரவு ஒரு மணியோடு நிறுத்தச் சொல்லுங்கள். குடித்த டீயின் கஃபீனில் பாதி கழியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடிக்கும் டீ அவரோடு சேர்ந்து வீட்டுக்கு வந்து படுக்கும். வயிற்று உப்புசத்துக்கும் நடுராத்திரிச் சாப்பாட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். குடலுக்கும் ஈரலுக்கும்கூட நேரக் கணக்கு உண்டு. கிளம்பும் முன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பசித்தால் லேசாக ஏதாவது போதும். சர்க்கரை வியாதி இருந்தால் மருந்து நேரத்தை டாக்டரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை, அவர் வீடு திரும்பும் வழிதான். நான்குவழிச் சாலையில் காலை ஆறரைக்கு பைக்கில் வருகிறாரா? விடியும் நேரத்தில்தான் தூக்கக் கலக்கம் உச்சத்தில் இருக்கும். கம்பெனி பஸ் இருந்தால் அதில் வரட்டும். கண்ணில் வெயில் படாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் பகல் தூக்கத்துக்கு நல்லது. ஆனால் இது பஸ்ஸில் வருபவருக்கு மட்டும். பைக் ஓட்டுபவருக்கு அந்த வெளிச்சம் தேவை. கண் சொக்கினால் அங்கேயே இருபது நிமிடம் தூங்கிவிட்டு வண்டியை எடுக்கட்டும். வீட்டுக்கு அரை மணி நேரம் லேட்டானால் போகிறது.

இன்னொன்று, நைட், மதியம், காலை என்ற வரிசையே தலைகீழ். உடல் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிட நீளமாக இருப்பதால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கஷ்டம். காலை, மதியம், நைட் என்று போனால் உடம்பு கொஞ்சமாவது ஒத்துழைக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்க்கலாம். செலவில்லாத மாற்றம்தானே.

மகன் அப்பாவைப் பார்த்துக் கெடவில்லை. இந்த வயதில் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப் போகும், மொபைல் அதை இன்னும் தள்ளும். அதற்காக நாளைக்கே ஐந்து மணிக்கு எழுப்பி வெளியில் விரட்டாதீர்கள். பத்து மணிக்கு எழுகிறவனுக்கு உடல் சூடு மிகவும் குறைந்திருக்கும் நேரம் ஏழு, எட்டு மணி. அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். பின் படுவதுதான் முன்னே இழுக்கும். முதலில் ஒன்பதரைக்கு எழுந்து அரை மணி நேரம் வெயிலில் நடக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். லீவு நாளிலும் அதே நேரம்தான். மெலடோனின் மாத்திரையைத் தானாக வாங்கித் தர வேண்டாம், நேரம் தவறிப் போட்டால் எதிர்த் திசையில் இழுத்துவிடும்.

சரி, இது வியாதியா? ஷிப்டால் வரும் தூக்கக் கெடுதலும் வேலை நேரத் தூக்கக் கலக்கமும் மூன்று மாதமாவது நீடித்தால் மருத்துவத்தில் அதைக் கோளாறு என்றே சொல்கிறோம். இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், டீ, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதோடு பொதுமருத்துவரிடம் போங்கள். கணவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்பதை நீங்களே கவனித்து எழுத வேண்டும், அது அவருக்குத் தெரியாது. அப்படி இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் வேறு.