‘நானோ ஷீட்’ வாங்கித் தரச் சொல்கிறார்களே?

கேள்வி: எனக்கு வயது 34. சிசேரியனுக்குப் பிறகு அடிவயிறு சுண்டி இழுக்கிறது. அடுத்த மாதம் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கப்போகிறார்கள். உள்ளே மறுபடி ஒட்டாமலிருக்க 38,000 ரூபாய்க்கு ‘நானோ ஷீட்’ வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: அவரிடம் வாங்காதீர்கள், அம்மா.

வயிற்று உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, அறுவையின்போது கன்றிப்போனால் அங்கே ஃபைப்ரின் என்ற பசைபோன்ற புரதம் கசியும். உடல் அதைக் கரைக்கத் தவறினால் நார்க்கட்டாகிக் குடலையும் கர்ப்பப்பையையும் பிணைத்துவிடும்; இதுதான் ஒட்டுதல். சவ்வு ஆற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை இரண்டையும் விலக்கி வைப்பதுதான் தடுப்புப் படலத்தின் வேலை.

நானோ இழைப் படலம் கட்டுக்கதை அல்ல. தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய இழைகள்; நீர் புகும், தழும்பை உண்டாக்கும் செல் புகாது. நானும் ஆவலோடு காத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியிலும் முயலிலும் நடந்தவை. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள இன்டர்சீட், செப்ராஃபிலிம் போன்ற தடுப்புப் படலங்கள் நானோ அல்ல.

அவற்றிலும் இன்டர்சீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வைக்கும் இடத்தில் ரத்தக் கசிவு துளியும் இருக்கக் கூடாது. ரத்தம் ஊறினால் படலம் கறுத்துவிடும், பயன் போய்விடும், ஒட்டுதல் கூடவும் செய்யலாம். உங்களுடையதோ ரத்தம் அதிகம் கசியும் அறுவை. தையல் போட்டு, கழுவி, கசிவு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வைக்கலாமா வேண்டாமா என்றே மருத்துவர் முடிவெடுக்க முடியும். ஒரு மாதம் முன்பே முகவர் எப்படி முடிவெடுத்தார்?

சென்ற ஆண்டு ஒரு நோயாளி கொண்டுவந்த பெட்டியில் ‘நானோ’ என்று தங்க எழுத்து மின்னியது. காலாவதித் தேதியின் மேல் ஒரு ஸ்டிக்கர். உரித்தால் தேதி முடிந்து எட்டு மாதம். நகையை அடகு வைத்து வாங்கியிருந்தார்கள். இதையெல்லாம் யாரும் தடுப்பதில்லை. ஒப்புதல் படிவத்தைக்கூட முந்தைய இரவு ஆங்கிலத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்குகிற ஊரில் நோயாளி யாரைக் கேட்பார்?

மருத்துவரை நேரில் கேளுங்கள்: வயிற்றைத் திறக்காமல் சிறு துளை வழியாகச் (லேப்ராஸ்கோப்பி) செய்ய முடியுமா? படலம் தேவைப்பட்டால் அதன் பெயர் என்ன, தொகுதி எண்ணைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவீர்களா? கையுறை பவுடர் இல்லாததுதானா? அந்தப் பவுடரும் ஒட்டுதலை உண்டாக்கும். அமெரிக்காவில் 2017 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். இதில் கமிஷன் கிடைக்காததால் எந்த முகவரும் சொல்ல மாட்டார்.

ஒட்டியதைக் கரைக்கும் மாத்திரையோ லேகியமோ கிடையாது. விட்டுவிட்டு வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.