ரேடியோ பெட்டிக்குள் கணினி: வாசகர் கேள்வி பதில்

பழைய வால்வு ரேடியோவின் சாயலில் மரக் கேபினெட் செய்து அதற்குள் கணினியை வைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

மரப்பெட்டிக்குள் கணினி வைத்தால் தீப்பிடிக்காதா? வீட்டில் இதைச் சொல்லியே தடுக்கிறார்கள்.
(வாசகி, கோயம்புத்தூர்)

மரம் பற்றிக்கொள்ள சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினாலே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் அணைந்துவிடும். பெட்டியிலிருந்து வெளியேறும் காற்று கை பொறுக்கும் சூட்டில்தான் இருக்கும். தகரப் பெட்டி சூட்டை இழுத்துக்கொள்ளும், மரம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் தகரப் பெட்டியிலும் சூட்டை வெளியேற்றுவது விசிறிதான்; சுவர்களின் பங்கு சொற்பம்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மலிவான எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), சரியாக அழுந்தாத பவர் கனெக்டர், சத்தம் குறையட்டும் என்று உள்ளே ஒட்டும் தெர்மாகோல் அல்லது ஸ்பாஞ்ச். இந்த மூன்றையும் தவிருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை அதன் இரும்பு உறையோடு அப்படியே வையுங்கள், இடம் மிச்சம் பிடிக்க உறையைக் கழற்றாதீர்கள். அதன் விசிறி முகத்துக்கும் மரத்துக்கும் நடுவே குறைந்தது 3 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

ஆசாரியிடம் என்ன அளவு எழுதிக் கொடுப்பது? 12 மி.மீ. பிளைவுட் வாங்கி வைத்திருக்கிறேன்.
(வாசகர், காரைக்குடி)

உள்ளே போகும் சாமான்களை முதலில் முடிவு செய்யுங்கள், பெட்டி அளவு அதிலிருந்து தானாக வரும். மதர்போர்டில் பொதுவான அளவுகள்: ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. மேசை ரேடியோ அளவுக்குள் அழகாக அடங்குவது கடைசியாகச் சொன்னதுதான். எஸ்எம்பிஎஸ்ஸிலும் சாதாரண ஏடிஎக்ஸ் 150 மி.மீ. அகலம், எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகை 125 மி.மீ. போர்டும் எஸ்எஃப்எக்ஸும் அடித்தட்டில் அருகருகே படுத்தால் 295 மி.மீ. வயர் வளைய இடம் சேர்த்து உள் அகலம் 360, உள் உயரம் 240, ஆழம் 240 வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டில் வெளி அகலம் 384, வெளி உயரம் 264 வரும். 15 செ.மீ. உயரமுள்ள கூலரும், 20 செ.மீ. நீளத்துக்குள் வரும் கிராபிக்ஸ் கார்டும் இதில் நிற்கும்.

பின்பக்கத்தை மட்டும் மரத்தில் செய்யச் சொல்லாதீர்கள். முதல் முறை செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். மதர்போர்டோடு வரும் தகர முகப்பு (ஐஓ ஷீல்டு), சுமார் 1 மி.மீ. கனமுள்ள தகட்டில் கவ்விக்கொள்ளும்படி செய்யப்பட்டது. 12 மி.மீ. பலகையில் அது பிடிக்காது. ஒட்டவைத்தாலும் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ முகங்கள் குழிக்குள் போய், பிளக் முழுதாக இறங்காது. எனவே பின்பக்கத்துக்கு 1 மி.மீ. அலுமினியத் தகடோ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடோ போடுங்கள். அதில் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. ஆசாரி கணக்கில் (8 நூல் ஒரு இன்ச்) 6 இன்ச் 2 நூல் நீளம், 1 இன்ச் 6 நூல் உயரம், துல்லியமாக வந்துவிடும். அரை மி.மீ. குறைவாக வெட்டி அரத்தால் ராவிக் கொண்டுவாருங்கள். கூடுதலாகப் போய்விட்டால் முகப்பு உள்ளே விழும், அந்தத் தகடு வீண்.

இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் காயலான் கடையில் பழைய கேபினெட் ஒன்றை எடைக்கு வாங்குங்கள். ரிவிட் தலைகளை 4 மி.மீ. பிட்டால் துளைத்தால் மதர்போர்டு தட்டும் பின்பக்கமும் தனியே வந்துவிடும். ஏடிஎக்ஸ் தட்டிலேயே மினி ஐடிஎக்ஸுக்கான நான்கு துளைகளும் உண்டு. வேண்டிய அளவுக்கு அறுத்து, அந்த எலும்புக்கூட்டின் மேல் மரத்தைச் சட்டையாகப் போடுவதுதான் எங்கள் சிபாரிசு. அறுத்த இரும்புத் தூளைக் காந்தத்தால் துடைத்தெடுத்த பிறகே போர்டைக் கிட்டே கொண்டுவர வேண்டும்.

புதுத் தகட்டில் நீங்களே துளை போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். மினி ஐடிஎக்ஸின் நான்கு துளைகள் சதுரமாகவோ செவ்வகமாகவோ இல்லை. ஒன்று கிட்டத்தட்ட 23 மி.மீ. விலகி நிற்கும். அளந்து போடுவதைவிட, போர்டை அட்டையின் மேல் வைத்துத் துளை வழியாகப் பென்சிலால் குறித்து, அந்த அட்டையைத் தகட்டில் ஒட்டித் துளையிடுங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் 6.5 மி.மீ. உயரம். நான்குதான் வேண்டும். பழைய தட்டில் ஐந்தாவதாக ஒன்று மறந்து நின்றால் அது போர்டின் அடியில் இடித்து ஷார்ட் ஆகும், கணினி உயிரே காட்டாது.

ரேடியோ மாதிரி மேல் மூலைகள் வளைந்திருக்க வேண்டும். பிளைவுட்டை வளைக்க முயன்றால் உடைகிறது.
(வாசகர், திருச்சி)

உள்பக்கம் கோடு கோடாக அறுத்துவிட்டுத்தான் வளைக்க வேண்டும். காரைக்குடி வாசகருக்குச் சொன்ன பெட்டியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் மேல்பலகையும் ஒரே பட்டை. மூலையின் வெளி ஆரம் 50 மி.மீ. என்றால் ஒவ்வொரு வளைவும் வெளிப்பக்கம் 78.5 மி.மீ. ஓடும். பட்டையின் மொத்த நீளம் 869 மி.மீ.; 900 எடுத்து வளைத்தபின் அடியில் சீவிக்கொள்ளுங்கள். 869 அளவின்படி ஒரு முனையிலிருந்து 214 மி.மீ. தள்ளி முதல் வளைவு தொடங்கும், இரண்டாவது 576-இல்.

அறுப்பின் ஆழம் 9.5 மி.மீ., மிச்சம் 2.5 மி.மீ. தோல். 90 டிகிரி திரும்பும்போது உள்பக்கம் சுருங்க வேண்டிய நீளம், ஆழத்தை 1.57-ஆல் பெருக்கினால் வரும்: சுமார் 15 மி.மீ. ரம்பத் தகட்டின் வெட்டு அகலம் 2 மி.மீ. என்றால் 8 அறுப்புகள், கிட்டத்தட்ட 10 மி.மீ.க்கு ஒன்று. அறுப்பைக் குறைத்தால் பாதி வளைந்ததும் வாய்கள் மூடிக்கொண்டு, அதற்கு மேல் அழுத்தும்போது தோல் பிளக்கும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பிளைவுட்டின் மேல் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ரேகை, அறுப்புக் கோடுகளுக்குக் குறுக்கே, அதாவது பட்டையின் நீளத்தில் ஓட வேண்டும். அறுப்போடு ஒத்து ஓடினால் ரேகை வழியே கீறும்.

வெளிப்பக்கத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் இரண்டு நிமிடம் சூடு காட்டி, மெதுவாக வளையுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். அறுப்புகளில் மரத்தூள் கலந்த பசையை அடைத்து, உட்சட்டத்தில் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். மேலே அழகுக்கு வெனீர் ஒட்டுவது அதற்குப் பிறகு. முதலில் ஒட்டினால் அறுப்புக் கோடுகள் வெளியே நிழலாகத் தெரியும். இத்தனை வேலைக்கும் பொறுமையில்லாதவர்கள் ஃபிளெக்ஸி பிளை என்று கேட்டு வாங்கலாம். துணிபோல வளையும், ஆனால் தனியே நிற்காது, உள்ளே விலா எலும்புபோலச் சட்டம் வேண்டும்.

முன்பக்கம் பழைய டக் டக் சுவிட்சைப் போட்டேன். கணினி எழுந்து நான்கே விநாடியில் அணைகிறது. போர்டு போச்சா?
(வாசகர், மதுரை)

போர்டுக்கு ஒன்றுமில்லை. கணினியின் பவர் பட்டன், காலிங் பெல் மாதிரி அழுத்தி விடுவது. உங்கள் சுவிட்ச் போட்டால் போட்டபடி நிற்கிறது. நான்கு விநாடி தொடர்ந்து அழுத்தினால் கட்டாயமாக அணை என்பது போர்டுக்கு உள்ள உத்தரவு. அதைத்தான் அது செய்கிறது. விட்டதும் திரும்பும் சுவிட்சாக மாற்றி, மதர்போர்டில் முன்பக்க வயர்கள் சேரும் 9 ஊசி வரிசையில் 6, 8 ஊசிகளில் செருகுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அவைதான்; கையேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குமிழைத் திருகினால் ஒலி கூடிக் குறைய வேண்டும். டயலும் மஞ்சளாக எரிய வேண்டும்.
(வாசகர், யாழ்ப்பாணம்)

சாதாரண வால்யூம் கன்ட்ரோல் வேண்டாம், ரோட்டரி என்கோடர் வாங்குங்கள். அது முடிவில்லாமல் சுற்றும். ஏடிமெகா 32யூ4 சில்லு உள்ள ப்ரோ மைக்ரோ என்ற குட்டி போர்டில் இணைத்து, அதற்கான சிறு நிரலை ஏற்றினால், கணினி அதை ஒலிப் பொத்தான் உள்ள கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் தேவையில்லை. ஆர்டுயினோ யூனோ தானாக இப்படிக் காட்டிக்கொள்ளாது, வாங்கிவிட்டு வருந்தாதீர்கள். என்கோடரிலேயே அழுத்தும் சுவிட்ச் உள்ள வகையை எடுத்தால் அதன் இரு கம்பிகளைப் பவர் ஊசிகளுக்குக் கொண்டுபோகலாம். அழுத்தினால் கணினி எழும், திருகினால் ஒலி.

பழைய ரேடியோக் குமிழ்கள் பலவற்றின் துளை கால் இன்ச், அதாவது 6.35 மி.மீ. என்கோடர் தண்டு 6 மி.மீ. அந்த வித்தியாசத்தில் குமிழ் ஆடும். மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு சுற்று சுற்றி, பக்கத் திருகை இறுக்குங்கள்.

டயலுக்கு வார்ம் ஒயிட் எல்ஈடி மூன்றை வரிசையாக இணைத்து, 180 ஓம் ரெசிஸ்டர் ஒன்றுடன் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வயரில் கொடுங்கள். சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும், கண்ணைக் குத்தாது. கண்ணாடிக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சம் பரவும்.

முன்னால் ஸ்பீக்கர் துணி போட்டதும் சூடு ஏறிவிட்டது. துணியை எடுத்தால் அழகே போகிறது.
(வாசகி, சென்னை)

துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் மூச்சு போனால் அது பரவாயில்லை. முகம் சிவக்க ஊத வேண்டியிருந்தால் விசிறியாலும் முடியாது. இடைவெளி விட்டு நெய்த துணிதான் வேண்டும்.

துணிக்குப் பின்னாலுள்ள மரத் திறப்பையும் அளந்து பாருங்கள். 120 மி.மீ. விசிறியின் வட்டப் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. 8 மி.மீ. அகலம், 12 செ.மீ. நீளமுள்ள ஒரு பிளவு 9.6 சதுர செ.மீ. தான். எனவே 12 பிளவாவது வேண்டும். ஐந்தாறு பிளவோடு நிறுத்திவிட்டுத் துணியைக் குறை சொல்பவர்கள் அதிகம். விசிறியைத் துணியில் ஒட்டாமல் 15 மி.மீ. பின்தள்ளி மாட்டினால் இரைச்சலும் குறையும். விசிறித் திருகுகளின் இடைவெளி 105 மி.மீ.

கணினிக்கு எப்போதாவது மரப்பெட்டி இருந்ததா, அல்லது இது இன்றைய ஆட்களின் கிறுக்கா?
(வாசகர், கும்பகோணம்)

கிறுக்குதான், ஆனால் பழைய கிறுக்கு. 1976-இல் வந்த ஆப்பிள்-1 வெறும் போர்டாகத்தான் விற்றது, வாங்கியவர்களில் சிலர் மரப்பெட்டி செய்துகொண்டார்கள். அதே காலத்து சோல்-20 கணினிக்கு இரு பக்கமும் வால்நட் பலகை. 1977-இன் அட்டாரி விளையாட்டுப் பெட்டியில் இருந்தது மர ரேகை அச்சு மட்டும்.

தாத்தாவின் வால்வு ரேடியோ பாடுவதில்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அதிலேயே வைக்கலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம். பெரும்பாலும் அதில் கெட்டிருப்பது கபாசிட்டர்கள்தான், மாற்றினால் பாடும். முழுதாக இருக்கும் ரேடியோவைப் பாழாக்காமல், உள்சாமான் ஏற்கெனவே போன வெறும் பெட்டியைத் தேடுங்கள். மீறித் திறந்தாலும், வால்வு ரேடியோவின் ஃபில்டர் கபாசிட்டரில் 250, 300 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய உடனே கை வைக்காதீர்கள்.

முழுத் தேக்கில் செய்தேன். ஆறு மாதத்தில் மேல்பலகை நடுவில் வெடித்துவிட்டது. மரம் மட்டமா?
(வாசகர், சேலம்)

மரத்தைக் குறை சொல்ல முடியாது. பலகை நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். 25 செ.மீ. அகலத் தேக்குப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே 2 மி.மீ. வரை அசையலாம், கணினியின் உலர்ந்த சூட்டில் இன்னும் இழுக்கும். நீங்கள் அதை இரும்புச் சட்டத்தில் நான்கு மூலையிலும் இறுக்கியிருப்பீர்கள். அசைய இடமில்லாததால் பிளந்தது. முன்வரிசைத் திருகுகளை இறுக்கிவிட்டு, பின்வரிசைக்கு 4 × 8 மி.மீ. நீள்துளை போட்டு வாஷரோடு மாட்டுங்கள். வெடிப்பில் தேக்குச் சீவலைப் பசையோடு செருகி இழைத்தால் போதும், பலகையை மாற்ற வேண்டாம்.

முன்பக்கப் பித்தளைப் பட்டையைத் தொட்டால் சுரீர் என்கிறது. மரம்தானே?
(வாசகி, தஞ்சாவூர்)

பட்டை எங்கோ உள்தகட்டைத் தொடுகிறது, உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர், எர்த் இல்லாதபோது உறையில் ஏறக்குறைய 115 வோல்ட்டை மிதக்கவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரோடு நிற்கிறது. மூன்று ஊசி பிளக்கும் உண்மையான எர்த் உள்ள சாக்கெட்டும் வேண்டும். பட்டையை மரத்தில் தனியாக நிற்கவிடாமல், ஒரு பச்சை வயரால் எஸ்எம்பிஎஸ் உறைத் திருகோடு இணைத்துவிடுங்கள்.

எந்தப் பாலிஷ்?
(வாசகர், ஈரோடு)

பழைய தோற்றத்துக்கு அரக்குப் பாலிஷை மிஞ்ச ஒன்றுமில்லை. அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 120 கிராம் அரக்குச் செதில், ஒரு இரவு ஊறட்டும், துணியில் வடிகட்டுங்கள். மரத்தை 120, 180, 240 என்று உப்புத்தாளால் தேய்த்த பின், பஞ்சைப் பருத்தித் துணியில் சுருட்டி மெல்லிய பூச்சாக எட்டுப் பத்து முறை. மழை நாளில் பூசினால் பாலாடைபோல வெளுக்கும். சூடான காபி டம்ளரை வைத்தால் வட்டம் விழும். மேலே டம்ளர் வைக்கும் வீடு என்றால் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷுக்குப் போங்கள். எதுவானாலும் ஒரு வாரம் உலர்ந்த பிறகே கணினியை உள்ளே வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். கோயம்புத்தூர் வாசகி வீட்டில் தீக்குப் பயப்பட வேண்டியது இந்தத் துணிக்குத்தான்.