மங்கலாக எரியும் சிவப்பு லைற்
கராஜ் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அண்ணை. போன கோடையில் 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். இப்போது அதில் இரண்டு தலைவலி. காலையில் நன்றாகத்தான் ஓடுகிறது. இருபது நிமிடம் போனதும் மேட்டில் இழுவை குறைகிறது, இடைக்கிடை வெட்டி வெட்டிப் போகிறது. அது ஒன்று. மற்றது, இரவில் ஹெட்லைற் போட்டால் டாஷ்போர்ட்டில் உள்ள சிவப்பு இக்னிஷன் லைற் மங்கலாக எரிகிறது. காரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பற்றரியும் இறங்கிவிடுகிறது. ஒரு கராஜில், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் அல்ரனேற்றரை மாற்றினார்கள், லைற் அப்படியேதான் எரிகிறது. இப்போது இரண்டு கார்புரேற்றரையும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும், 450 பவுண்ட் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், லெஸ்டர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. கார்புரேற்றரைக் கடைசியாகப் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த சொல் 'மங்கலாக' என்பதுதான். அந்த லைற் பளிச்சென்று எரிந்தால் அல்ரனேற்றர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மங்கலாக எரிந்தால் கதை வேறு.

அந்தச் சின்ன பல்ப்புக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் அல்ரனேற்றரிலிருந்து வருகிறது. மற்றப் பக்கம் சாவியைத் திருப்பினால் உயிர் பெறும் வெள்ளை வயரில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ற் என்றால் பல்ப் எரியக் காரணமில்லை. அல்ரனேற்றர் பக்கம் 14 வோல்ற், வெள்ளை வயரில் 12 வோல்ற் என்றால் அந்த இரண்டு வோல்ற் வித்தியாசத்தில் அது மங்கலாக எரியும். அல்ரனேற்றரைப் புதிதாக மாற்றியும் எரிகிறது, அதுவும் ஹெட்லைற் போட்டால் மட்டும் எரிகிறது என்றால் என் சந்தேகம் வயரிங்கில்தான். அல்ரனேற்றர் உண்டாக்கும் வோல்ற் வழியில் எங்கேயோ குறைகிறது.

இனி உங்கள் முதல் தலைவலிக்கு வருகிறேன். இந்தக் காரில் தீப்பொறிக்கு உயர் வோல்ற் தரும் இக்னிஷன் கொயிலும் பின்னால் இருக்கும் எஸ்.யு. கம்பெனியின் மின்சார பெற்றோல் பம்பும் அதே வெள்ளை வயரில்தான் சாப்பிடுகின்றன. வெள்ளை வயரில் வோல்ற் குறைந்தால் தீப்பொறியும் பலவீனம், பம்பும் மந்தம். சமதரையில் எஞ்சின் சமாளிக்கும், மேட்டில் காட்டிக்கொடுக்கும். கழன்று கறுத்த இணைப்பு மின்சாரம் ஓட ஓடச் சூடாகும், சூடாகச் சூடாகத் தடையும் கூடும். இருபது நிமிடக் கணக்கு அங்கிருந்தும் வரலாம். நீங்கள் இரண்டு நோய் என்று எழுதியிருப்பது ஒரே நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதை அறிய கராஜ் தேவையில்லை. ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை உட்காரவைத்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுவரை பிடிக்கச் சொல்லுங்கள். ஹெட்லைற்றையும் ஹீற்றர் விசிறியையும் போடுங்கள். மீற்றரின் கறுப்பு முனை பற்றரியின் நெகற்றிவ்வில் இருக்கட்டும். சிவப்பு முனையை முதலில் அல்ரனேற்றரின் தடித்த பிறவுண் வயரில் வையுங்கள். 14 வோல்ற்றுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். உங்கள் காருக்குரிய அல்ரனேற்றர், லூகாஸ் கம்பெனியின் 16ஏ.சி.ஆர்., மொத்தமே 34 அம்பியர்தான் தரும், ஆனால் இவ்வளவு சுமையை அது தாங்கும். அங்கேயே 13க்குக் கீழே என்றால் மாற்றிய அல்ரனேற்றரே சரியில்லை. புதுப்பித்த சாமான் எல்லாம் நல்ல சாமான் என்று நம்பாதீர்கள். பெல்ற் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

அங்கே சரி என்றால் சிவப்பு முனையோடு வயர் வழியே நடந்து போங்கள்: ஸ்டார்ட்டர் மோட்டரின் மேலுள்ள சொலினொயிட் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிச்), பிறகு பியூஸ் பெட்டியில் பிறவுண் வயர், பிறகு அதே பெட்டியில் வெள்ளை வயர். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அரை வோல்ற்றுக்கு மேல் விழுகிறதோ, வியாதி அந்த இரண்டுக்கும் இடையில். என் கணிப்பைக் கேட்டால் சொலினொயிட்டில் உள்ள பிறவுண் இணைப்புகள் என்பேன். எஞ்சினின் வலப்பக்கம், கீழே, எண்ணெயும் சேறும் படுகிற இடம் அது. ஹெட்லைற்றுக்குப் போகும் மின்சாரமும் அந்த வழியால்தான் போகிறது. அதனால்தான் ஹெட்லைற் போட்டதும் மிச்சம் எல்லாம் வாடுகிறது. பிறவுண் வரை நல்லாயிருந்து வெள்ளையில் மட்டும் விழுந்தால், சாவி போடும் சுவிச்சின் உள்ளே தேய்ந்திருக்கும். எதையும் கழற்றுமுன் பற்றரியின் நெகற்றிவ்வை எடுத்துவிடுங்கள். அந்த பிறவுண் வயருக்கு எப்போதும் உயிர் உண்டு, நடுவில் பியூஸும் கிடையாது.

அப்புறம் எர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி. எஞ்சின் றப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் காரின் உடலான பொடிக்கும் இடையே ஒரு எர்த் பட்டி மட்டும்தான் பாலம். அது அறுந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் அவ்வளவு மின்சாரமும் சோக் கேபிள் வழியாகவும் அக்ஸிலேற்றர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சுடுகிறது என்று யாராவது சொன்னால் வேறெதுவும் பார்க்காமல் அந்தப் பட்டியைப் பாருங்கள்.

பற்றரி இறங்குவது தனி விசாரணை. உங்கள் காரில் சீற்றுக்குப் பின்னால், கார்பெற்றுக்குக் கீழே, இரண்டு 6 வோல்ற் பற்றரிகள் தொடராக இருக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் ஒரு 12 வோல்ற்றாக மாற்றியிருந்தால் வேலை சுலபம். இரண்டு என்றால் ஒரு இரவு ஓய்வாக விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பாருங்கள். முழுதாக ஏறிய பற்றரி ஒன்றுக்கு 6.3 வோல்ற் காட்டும். ஒன்று 6.3, மற்றது 5.8 என்றால், நல்லது கெட்டதைச் சுமக்கிறது. அல்ரனேற்றருக்கு இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் தெரியும். பங்கு சமமாகப் போகிறதா என்று அது பார்க்காது. மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனைகளையும் மறக்க வேண்டாம்.

பற்றரி நல்லதென்றால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நெகற்றிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீற்றரை அம்பியரில் போடுங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினால் மீற்றர் போய்விடும், கவனம். 1970ஆம் ஆண்டுக் காரில் கம்பியூட்டரா இருக்கிறது? கிட்டத்தட்ட பூச்சியம் வர வேண்டும். புது றேடியோ இருந்தால் சில மில்லி அம்பியர். அதற்கு மேலே போனால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒன்றிலும் குறையவில்லையா, அல்ரனேற்றரின் பிளக்கை இழுங்கள். அதோடு விழுந்தால் உள்ளே டையோட் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சாமான்) கசிகிறது.

ஊரில் பழைய ஆட்கள் எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றி, நின்றுபோகிறதா என்று பார்ப்பார்கள். அல்ரனேற்றருக்கு முன்பிருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது. அல்ரனேற்றரில் செய்தால் டையோட் எரிந்துவிடும், செய்யவே செய்யாதீர்கள்.

வோல்ற் எல்லாம் சரியாகி, அதற்குப் பிறகும் சூடேறியதும் வெட்டினால்தான் எஞ்சின் பக்கம் வர வேண்டும். இங்கே ஓட்டும்போதே ஒரு துப்புக் கிடைக்கும். உங்கள் ஆண்டுக் காரில் சுற்று காட்டும் மீற்றர் கொயிலின் வயரோடு தொடராக இருக்கிறது. வெட்டும்போது அதன் முள் திடீரென்று விழுந்து துள்ளினால் இக்னிஷன் கோளாறு. முள் ஒழுங்காக நின்று, காலை அமுக்க அமுக்க இழுவை மெல்ல வற்றினால் பெற்றோல் போதவில்லை.

இக்னிஷன் என்றால் முதலில் கொன்டென்சர், தீப்பொறியைப் பலமாக வைக்கும் சின்ன உருளை. சூடானதும் படுக்கிற சாமான் அது. அடுத்தது தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் றோட்டர். இப்போது விற்கும் மலிவான றோட்டர்களில் நடுவில் ஒரு றிவெற் இருக்கும், அதன் வழியாகத் தீப்பொறி உள்ளே தண்டுக்கு இறங்கிவிடும். றிவெற் இல்லாத சிவப்பு றோட்டர் ஒன்றும், பாவித்த ஆனால் நல்ல கொன்டென்சர் ஒன்றும் வைத்திருங்கள். புதுசென்று கடையில் கிடைப்பதைவிட ஐம்பது வருடம் உழைத்ததை நான் நம்புவேன். கொயிலின் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பொயின்ற்றின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வு 0.015. ரைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பொயின்ற்றுக்குப் பிறகு பாருங்கள். இடைவெளி மாறினால் ரைமிங்கும் மாறும்.

பெற்றோல் என்றால் முதலில் தாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். காற்று உள்ளே போகும் வழி அடைபட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு பம்பின் அளவு. கார்புரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டால் நிமிடத்துக்கு ஒரு லிற்றருக்குக் குறையக் கூடாது. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் ஆறியபின், வெளியில் நிறுத்தி, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஸ்.யு. கார்புரேற்றர் இரண்டையும் நான் இவ்வளவு நேரம் தொடவில்லை, பார்த்தீர்களா? அவை தேய்வது மெதுவாக, வருடக்கணக்கில். காலையில் நன்றாக ஓடி இருபது நிமிடத்தில் கெட்டுப்போகிற கார்புரேற்றரை நான் கண்டதில்லை. கார்புரேற்றரின் மேல் மூடியைத் திறந்து, பிஸ்டனின் துள்ளலை அடக்கும் டாம்பரில் 20ஆம் நம்பர் எண்ணெய் விடுங்கள். கார்புரேற்றருக்குள் இருக்கும் அந்தப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டொக்' என்று விழுகிறதா பாருங்கள். விழுந்தால் அதைச் சும்மா விடுங்கள்.

லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று இங்கே வெள்ளைக்காரர் கேலி செய்வார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி. பர்மிங்காமில் செய்த அந்தச் சாமான் அரை நூற்றாண்டாக வேலை செய்கிறது. துருப்பிடித்த இணைப்பைத் துடைக்காமல் விட்டது நாங்கள். எம்.ஜி.பி.யில் இருக்கும் 1,798 சி.சி. எஞ்சின் வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜின் அதே பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேற்றரில் பீச்சுவோம். அந்தக் கார்களுக்கு யாரும் 450 பவுண்டுக்குக் கார்புரேற்றர் வேலை செய்யவில்லை.

கேள்வி: என்னுடையது 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. சும்மா நிற்கும்போது சிவப்பு லைற் மினுக்குகிறது. டைனமோவைக் கழற்றி அல்ரனேற்றர் போடலாமா?
வாசகர், ஹரோ

பதில்: டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் பண்ணாது. நிற்கையில் மினுக்கி, வேகம் கொடுத்ததும் அணைந்தால் அது கோளாறே அல்ல. பகலில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டும் காருக்கு அந்த 22 அம்பியர் தாராளம். மழையில், இரவில், வைப்பரும் ஹீற்றரும் போட்டு ஓடுவதென்றால் மாற்றுங்கள். ஆனால் உங்கள் கார் பொசிற்றிவ் எர்த் (பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் பொடியோடு இணைந்தது), 1967 வரை அப்படித்தான் வந்தது. பற்றரியைத் திருப்பிப் போட்டால் மட்டும் காணாது. கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். சுற்று மீற்றரை உள்ளே திறந்து மாற்றிக்கொடுக்க அதற்கென்று ஆள் வேண்டும். பழைய றேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: இ10 பெற்றோல் பழைய காருக்கு ஆகாது என்கிறார்களே?
வாசகி, குறொய்டன்

பதில்: 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே சாதாரண 95 ரகம் இ10, அதாவது 10 வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல்தான். அதில் கலந்த எதனோல் பழைய றப்பர் குழாய்களைத் தின்னும். சூப்பர் ரகம் அடியுங்கள், அதில் பெரும்பாலும் 5 வீதத்துக்குள்தான் எதனோல். காசு பார்ப்பதென்றால் குழாய்களை எதனோல் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டு, குளிர்காலத்துக்கு நிறுத்துமுன் தாங்கியில் சூப்பர் ஒரு தடவை நிரப்புங்கள். பானற்றைத் திறந்ததும் பெற்றோல் மணந்தால் அன்றைக்குக் காரை எடுக்க வேண்டாம்.